26.8 என்று காட்டினால் நம்பிவிடலாமா?

உங்கள் வீட்டு மீன்தொட்டியில் உள்ள வெப்பமானி 26.8 டிகிரி செல்சியஸ் என்று காட்டுகிறது. அது சரிதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இதே கேள்வியை என் அடுத்த வீட்டு மாணவியிடம் கேட்டேன். உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். படுக்கையறை மேசைமேல் பத்து லிட்டர் தொட்டி, அதில் நீல நிறச் சண்டை மீன் ஒன்று. இரண்டு வாரமாகவே மீன் சரியில்லை. துடுப்புகளை மடக்கிக்கொண்டு அடியிலேயே கிடந்தது. தீனி போட்டால் மெல்ல எழுந்து வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அவள் தண்ணீர் மாற்றினாள், தீனியை மாற்றினாள், சேமிப்பிலிருந்து காசு எடுத்து மருந்தும் வாங்கினாள். தண்ணீர் குளிர்ந்திருக்குமோ என்று நான் கேட்டதும் மின்னிலக்க வெப்பமானியைக் காட்டினாள். 26.8. சண்டை மீனுக்கு அது நல்ல வெப்பநிலை.

“இந்த மீட்டர் சரியாக் காட்டுதான்னு பார்த்தியாம்மா?” என்றேன்.

“பாயின்ட் எட்டு வரைக்கும் காட்டுதே அங்கிள், அப்புறம் எப்படித் தப்பா இருக்கும்?”

இந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறோம். புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் வந்துவிட்டால் கருவி அதுவரை துல்லியமாக அளக்கிறது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. ஆனால் திரையில் எத்தனை இலக்கம் தெரிகிறது என்பது ஒன்று. அந்த எண் உண்மைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது வேறொன்று. முதலாவதைப் பிரிதிறன் என்றும் இரண்டாவதைத் துல்லியம் என்றும் சொல்வார்கள். ஒரு சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் அழகாக ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் கடிகாரமே பத்து நிமிடம் பின்தங்கியிருக்கும். விநாடி முள்ளை நம்பிக் கிளம்பினால் பேருந்து போய்விட்டிருக்கும்.

மின்னிலக்க மீன்தொட்டி வெப்பமானி வாங்கினால் அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெரிய எழுத்தில் 0.1 டிகிரி என்று இருக்கும். அதே பெட்டியில் எங்கோ சிறிய எழுத்தில் கூட்டல் கழித்தல் 1 டிகிரி என்று இருக்கலாம். கருவி 26.8 என்று காட்டும்போது உண்மை 25.8 முதல் 27.8 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று தயாரித்தவரே ஒப்புக்கொள்கிறார் என்று பொருள். சில பெட்டிகளில் அந்தச் சிறிய எழுத்தும் இருப்பதில்லை. அப்படிப்பட்டதை நான் வாங்குவதில்லை.

ஒரு டிகிரி பிழை எங்கிருந்து வருகிறது? தொட்டிக்குள் தொங்கும் கம்பியின் நுனியில் தெர்மிஸ்டர் என்ற சிறு பொருள் இருக்கிறது. வெப்பநிலை ஏறினால் அதன் மின்தடை குறையும். அறை வெப்பநிலையை ஒட்டி, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 4 விழுக்காடு குறையும். கருவி மின்தடையை அளந்து அதை வெப்பநிலையாக மாற்றிக் காட்டுகிறது. மலிவான தெர்மிஸ்டரின் மின்தடை, இருக்க வேண்டிய அளவிலிருந்து 5 விழுக்காடு விலகியிருந்தால் என்ன ஆகும்? ஒரு டிகிரிக்கும் சற்று மேலாகவே பிழை வந்துவிடும். திரையோ அப்போதும் 0.1 டிகிரி வரை தயங்காமல் காட்டிக்கொண்டிருக்கும்.

“நம் ஊரே வெப்பமண்டலம், மீனும் வெப்பமண்டல மீன், இங்கே எதற்கு வெப்பமானி?” என்று கேட்பவர்கள் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இது நியாயமான கேள்விதான். பல வீடுகளில் தொட்டிக்கு ஹீட்டரே கிடையாது. ஆனால் நம் வீடுகளில் இரண்டு தட்பவெப்பம் இருக்கிறது. வரவேற்பறையில் வெயில் காலப் பிற்பகல். படுக்கையறையில் இரவு முழுவதும் குளிரூட்டி. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட நாளில் மேற்குப் பார்த்த சன்னல் ஓரத் தொட்டி 30 டிகிரியைத் தாண்டிவிடும். குளிரூட்டி 23-இல் ஓடும் அறையில் மூடியில்லாத சிறு தொட்டியோ, நீர் ஆவியாவதால் அறைக் காற்றின் அளவுக்கும் கீழேகூடக் குளிரலாம்.

மீனின் உடல் வெப்பநிலை தண்ணீரின் வெப்பநிலையைப் பின்பற்றியே இருக்கும். நமக்குக் குளிர்ந்தால் போர்வை. மீனுக்குக் குளிர்ந்தால் செரிமானம், நோய் எதிர்ப்பு, நீச்சல் எல்லாமே மெதுவாகும். சூடேறினால் வேறு தொல்லை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் 7.6 மட்டுமே. மீனுக்கோ அப்போதுதான் மூச்சுத் தேவை கூடுகிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவிலும் நச்சுத்தன்மை மிகுந்த வடிவத்தின் பங்கு வெப்பத்தோடு கூடும். காரகாடித்தன்மை 8 உள்ள நீரில் 25 டிகிரியில் அது ஏறத்தாழ 5.4 விழுக்காடு, 30 டிகிரியில் 7.5. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். 28-க்கும் 31-க்கும் வேறுபாடு தெரியாத கருவியை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கையெல்லாம் போட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, கடைக்குப் போவோம்.

தொட்டியின் வெளிப்பக்கம் ஒட்டும் நிறம் மாறும் பட்டை இருப்பதிலேயே மலிவு. திரவப் படிகம் என்ற பொருள் வெப்பநிலைக்கு ஏற்ப நிறம் மாறுவதால் எண் ஒளிர்கிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதன் ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் அறைக் காற்று. ஆகவே அது காட்டுவது தண்ணீரும் இல்லை, அறையும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று. குளிரூட்டி ஓடும் அறையில் வேண்டாம்.

நெற்றியில் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானியைத் தொட்டியை நோக்கிக் காட்டினால் என்ன என்று கேட்பீர்கள். கோவிட் காலத்தில் வாங்கியது பல வீடுகளில் சும்மாதானே கிடக்கிறது. அது அளக்கும் அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியை ஊடுருவாது. நீங்கள் அளப்பது கண்ணாடியின் மேற்பரப்பைத்தான். போதாக்குறைக்கு, அது உடல் வெப்பநிலைக்கென்றே அமைக்கப்பட்ட கருவி. 26 டிகிரியை அதனிடம் கேட்டால் ‘லோ’ என்று சொல்லிவிடும்.

மிஞ்சுவது இரண்டு: சாயம் கலந்த ஆல்கஹால் உள்ள கண்ணாடிக் குழாய், கம்பி உள்ள மின்னிலக்கக் கருவி. என்னைக் கேட்டால் கண்ணாடிக் குழாய்தான். விலை சில வெள்ளி, பேட்டரி வேண்டாம். அதற்கும் குறைகள் உண்டு. அளவுகோல் அச்சிட்ட காகிதம் குழாய்க்குள்ளே வழுக்கி இறங்கியிருக்கலாம். சிவப்புத் திரவம் நடுவே அறுந்து இரண்டு துண்டாக நிற்கலாம். மேலிருந்தோ கீழிருந்தோ சாய்வாகப் பார்த்தால் அரை டிகிரி கூடவோ குறையவோ தெரியும். கண்ணைத் திரவத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. மின்னிலக்கக் கருவியின் குறை உள்ளே ஒளிந்திருக்கும். கம்பியின் உறையில் கீறல் விழுந்து நீர் புகுந்தால் மின்தடை குறைந்து, உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டத் தொடங்கும். திரையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

பழைய பாதரச வெப்பமானி வீட்டில் கிடந்தால் அதைத் தொட்டியில் போடவே போடாதீர்கள். உடைந்தால் மீனுக்கும் கேடு, வீட்டுக்கும் கேடு.

கடையில் ஒரு சிறு வேலை செய்யலாம். கண்ணாடி வெப்பமானிகள் பத்துப் பன்னிரண்டு ஒரே கொக்கியில் தொங்கும். எல்லாமே ஒரே காற்றில்தான் இருக்கின்றன. ஆகவே எல்லாமே ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காட்டாது. ஒன்று 24, ஒன்று 26, மற்றவை 25 பக்கம் நிற்கும். கையால் குழாயைப் பிடிக்காமல் பார்த்து, பெரும்பான்மையோடு ஒத்துப்போகும் ஒன்றை எடுங்கள். பெரும்பான்மை சொல்வது உண்மை என்று கட்டாயம் இல்லை. ஆனால் தனித்து நிற்பதை ஒதுக்கிவிடலாம்.

உண்மையை வீட்டில்தான் கேட்க வேண்டும். அதற்கு வேண்டியது ஐஸ்.

ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் தம் அளவுகோலை அமைத்தபோது இரண்டு புள்ளிகளைப் பிடித்துக்கொண்டார்: பனி உருகும் நிலை, நீர் கொதிக்கும் நிலை. கொதிநிலைக்கு 0, உருகுநிலைக்கு 100 என்று அவர் எண்ணிட்டிருந்தார் என்பது வேடிக்கையான செய்தி. பின்னர்தான் அது தலைகீழாக மாற்றப்பட்டது. எப்படி எண்ணிட்டாலும், சுத்தமான பனிக்கட்டியும் நீரும் கலந்து நிற்கும்போது வெப்பநிலை 0 டிகிரிதான். அதற்கு யாருடைய சான்றிதழும் தேவையில்லை. உங்கள் குளிர்பதனப் பெட்டியிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது.

ஆனால் செய்யும் முறையில் பலர் தவறிவிடுகிறார்கள். குவளையில் நீரை ஊற்றி நாலு ஐஸ் கட்டியை மிதக்கவிட்டால் போதாது. நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி. ஆகவே மேலே ஐஸ் மிதக்க, அடியில் 4 டிகிரி நீர் தங்கிவிடும். வெப்பமானியை அடிவரை விட்டால் 4 காட்டும். நல்ல கருவியைக் கெட்டது என்று தூக்கி எறிவீர்கள். ஐஸைத் துணியில் சுற்றி நொறுக்கி, குவளையின் அடிவரை நிரப்புங்கள். இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றுங்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் 0-வுக்கும் வெகு கீழே இருக்கும். அது பளபளப்பாக ஈரம் கசியும்வரை சில நிமிடம் பொறுங்கள். பிறகு வெப்பமானியின் நுனியை நடுவில் செருகி, அவ்வப்போது கலக்கி, ஐந்து நிமிடம் கழித்து வெளியே எடுக்காமலே படியுங்கள். குழாய் நீர் போதும். அதில் கரைந்துள்ள உப்புகள் உறைநிலையை மாற்றுவது ஒரு டிகிரியில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். ஆனால் உப்பு போட்ட பாத்திரத்தில் செய்துவிடாதீர்கள்.

0 காட்டினால் நல்லது. 1 காட்டினால் அதுவும் நல்லதுதான், எவ்வளவு பிழை என்று தெரிந்துவிட்டதே.

மறுமுனைக்குக் கொதிநீர் வேண்டாம். மீன்தொட்டி வெப்பமானிகள் பெரும்பாலும் 50 டிகிரி வரைக்குமே செய்யப்பட்டவை. கொதிநீரில் குழாய் வெடித்துவிடும். கொதிநிலையும் இடத்துக்கு இடம் மாறும். கேமரன் மலையில் நீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் வீடுகளில் அதைவிட நல்ல பொருள் ஒன்று இருக்கிறது: காய்ச்சல் பார்க்கும் வாய்வழி மின்னிலக்க வெப்பமானி. மருத்துவப் பயன்பாட்டுக்கு என்பதால், காய்ச்சல் பார்க்கும் அளவுகளில் அதன் பிழை பொதுவாக 0.1 டிகிரிக்குள் இருக்கும்படி செய்கிறார்கள். 26 டிகிரியை அது அளக்காது. ஆனால் 37-ஐ நன்றாகவே அளக்கும்.

ஒரு பெரிய பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீர் எடுங்கள். கையை விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. முதலில் மீன்தொட்டி வெப்பமானியை மூன்று நிமிடம் உள்ளே வையுங்கள். நீரைக் கலக்கிவிட்டு, காய்ச்சல் வெப்பமானியின் நுனியை மட்டும் பக்கத்திலேயே நனையுங்கள். அது ஒலி எழுப்பிய உடனே இரண்டையும் படியுங்கள். தாமதித்தால் நீர் ஆறிவிடும், ஆனால் காய்ச்சல் வெப்பமானி தான் கண்ட உச்ச அளவையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இங்கே எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. 2003-இல் சார்ஸ் பரவியபோது சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர்களுக்கு இந்த வாய்வழி வெப்பமானி வழங்கப்பட்டது. நாள்தோறும் வெப்பநிலை பார்த்து எழுதினார்கள். அதன் பிறகும் வகுப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் வெப்பமானியை வாயில் வைத்துக்கொள்ளும் பயிற்சியைப் பல தலைமுறை மாணவர்கள் செய்திருக்கிறார்கள். படிக்கக் கற்றுக்கொடுத்தோம், குறித்துவைக்கக் கற்றுக்கொடுத்தோம். “உன் வெப்பமானி சரியா?” என்று கேட்கக் கற்றுக்கொடுத்தோமா? அறிவியல் பாடத்தின் முதல் ஆய்வாக ஒரு குவளை ஐஸை வைத்து, வகுப்பில் உள்ள வெப்பமானிகள் எல்லாவற்றையும் அதில் செருகிப் பார்க்கச் சொன்னால் ஒரு பாடவேளைகூட ஆகாது. நாற்பது வெப்பமானி நாற்பது விதமாகச் சொல்வதை ஒருமுறை பார்த்தவர், அதன் பிறகு எந்தத் திரையையும் வேறு கண்ணோடுதான் பார்ப்பார்.

அடுத்த வீட்டு மாணவியும் நானும் அவள் வீட்டுச் சமையலறையில் இதைச் செய்து பார்த்தோம். அவள் அம்மா சம்பல் அரைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு மேசையின் ஒரு மூலைதான் கிடைத்தது. ஐஸில் அவளுடைய கருவி 2.4 காட்டியது. முதலில் அவள் நம்பவில்லை. இன்னும் ஐஸ் நொறுக்கிப் போட்டு இன்னொரு முறை செய்தாள். மறுபடியும் 2.4. வெதுவெதுப்பான நீரில் காய்ச்சல் வெப்பமானி 37.0 என்றது, அவளுடைய கருவி 40.2 என்றது. ஆக, கீழே 2.4 பிழை, மேலே 3.2 பிழை. இரண்டுக்கும் நடுவே நேர்க்கோடு வரைந்தால் தொட்டியின் வெப்பநிலையில் பிழை ஏறத்தாழ 2.9. அதைக் கழித்துப் பார்த்தாள். 26.8 என்று இத்தனை நாளும் காட்டிய தண்ணீர் உண்மையில் 23.9 டிகிரி. இரவில் குளிரூட்டி இன்னும் நேரம் ஓடினால் அதற்கும் கீழே. வாங்கிய மருந்து தேவைப்பட்டிருக்கவே இல்லை.

மீன் வளர்ப்பில் பழுத்த என் நண்பர் ஒருவருக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. “மீனைப் பாரு, மீட்டரைப் பார்க்காதே” என்பார். கப்பி மீன் 22-இலும் வாழும், 28-இலும் வாழும், ஒரு டிகிரி பிழைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்பது அவர் கட்சி. அவர் சொல்வதில் பாதி சரி. கப்பி வளர்ப்பவர் ஒரு டிகிரிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்றையும் அவருக்காக ஒப்புக்கொள்கிறேன்: பிழையுள்ள வெப்பமானியும் மாற்றத்தை ஓரளவு சரியாகவே காட்டும். நேற்று 28, இன்று 25 என்று அது சொன்னால், இரண்டு எண்ணும் தவறாக இருக்கலாம், ஆனால் மூன்று டிகிரி இறங்கியது ஏறத்தாழ உண்மை. மீனுக்குப் பெரும்பாலும் தொல்லை தருவது அந்தத் திடீர் இறக்கம்தான்.

மற்றப் பாதியில் நான் அவரோடு உடன்பட மாட்டேன். மீனைப் பார்த்தே சொல்லிவிட அவருக்கு முப்பது ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. பதினான்கு வயது மாணவிக்கு இல்லை. டிஸ்கஸ் மீனுக்கு 28 முதல் 30 வரை வேண்டும் என்று ஒருவர் சொன்னால், சிவப்பு வெள்ளைப் பளிங்கு இறாலை 24-க்கு மேல் விடாதே என்று இன்னொருவர் சொன்னால், அந்த எண்கள் அவர்களுடைய வெப்பமானியின் எண்கள். உங்களுடையது மூன்று டிகிரி தள்ளி நின்றால் நல்ல அறிவுரையும் கெட்ட அறிவுரையாகிவிடும். வெண்புள்ளி நோய்க்குத் தண்ணீரை 30 டிகிரிக்கு ஏற்றும்போது அந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. ஹீட்டரின் திருகில் உள்ள எண்ணையும் வெப்பமானி என்று எண்ணிவிடாதீர்கள். ஹீட்டர் அணையாமல் சிக்கிக்கொண்டால் அதைக் காட்டிக்கொடுக்கத் தனியாக ஒரு வெப்பமானி வேண்டும்.

வீட்டுத் தொட்டிக்கு எவ்வளவு துல்லியம் போதும்? அரை டிகிரி போதும். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இரண்டு கண்ணாடிக் குழாய் வாங்கி, ஐஸிலும் வெதுவெதுப்பான நீரிலும் சோதித்து, பிழையைக் குறித்துக்கொள்ளுங்கள். சில குழாய்களில் அளவு 0-வுக்கு மேலேதான் தொடங்கும். அவற்றுக்கு வெதுநீர்ச் சோதனை மட்டும் போதும். ஒன்றைத் தொட்டியில், ஹீட்டருக்கும் வடிகட்டியின் நீர் விழும் இடத்துக்கும் எட்டத்தில் வையுங்கள். மற்றதைத் தண்ணீர் மாற்றும் நாளில் வாளியில் விடுங்கள். மின்னிலக்கத் திரைதான் பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் பேட்டரி மாற்றும்போதெல்லாம் ஐஸ் சோதனை செய்யுங்கள்.

அவள் புது வெப்பமானி வாங்கவில்லை. பழைய கருவியின் தலையில் ஒரு துண்டு வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டி, அதில் “2.9 கழி” என்று பேனாவால் எழுதியிருக்கிறாள். தொட்டிக்கு ஒரு மூடி வந்திருக்கிறது, குளிரூட்டியின் காற்று நேரே படாத சுவரோரத்துக்கு மேசையும் நகர்ந்திருக்கிறது. நேற்று மாலை பார்த்தபோது திரையில் 29.1 இருந்தது. மீன் மேலே வந்து, என் விரலைப் பார்த்துச் செவுளை விரித்துச் சண்டைக்கு நின்றது.